பிரித்தவன் எடுக்கக் கூடாது

1

இது கதையாகப் பிறந்தது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கலைக்களஞ்சியத்துக்கு நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த இரண்டு பக்கக் கட்டுரை இது. தலைப்பு: ‘போர் மூண்டதும் ஒரு காலாட்படை டிவிஷன் மாற்றியமைக்கப்படும் முறை’. பதிப்பாசிரியர் இதை என் தலையில் கட்டியதற்கு ஒரே காரணம்தான். மற்றவர்கள் முந்திக்கொண்டு பறவைகளையும் எரிமலைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பலூன் வெடித்தாலே பதறுகிற ஆள் நான். அதை அவரிடம் சொல்லியும் பார்த்தேன்.

“நீங்க சுடவா போறீங்க? எழுதத்தானே போறீங்க,” என்று போனை வைத்துவிட்டார்.

சரியென்று படித்தேன். விஷயம் சுலபமானதுதான். அமைதிக் காலத்தில் அரசாங்கம் டிவிஷனை, அதாவது பல கம்பெனிகள் சேர்ந்த பெரிய படைப்பிரிவை, அரை வயிற்றோடு வைத்திருக்கும், ஆட்கள் குறைவு. போர் மூண்டால் ஒரு டிவிஷன் போதாது, இரண்டு வேண்டும். புது ஆட்களை மட்டும் வைத்து ஒன்றை உண்டாக்கினால் அது முதல் குண்டுச் சத்தத்திலேயே வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடும். அதனால் பழைய டிவிஷனில் உள்ள ஒவ்வொரு கம்பெனியையும் (நூறு பேருக்குச் சற்று மேற்பட்டவர்கள் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தூங்கி, ஒன்றாகத் திட்டு வாங்கும் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) சரிபாதியாகப் பிரிப்பார்கள். ஒரு பாதி பழைய டிவிஷனிலேயே இருக்கும். மறுபாதி புது டிவிஷனுக்குப் போகும். இரண்டு பக்கமும் காலியாகும் இடங்களில், எப்போதோ பயிற்சி முடித்து வீட்டுக்குப் போய் முடிவெட்டிக்கொண்டும் பாத்திரம் விற்றுக்கொண்டும் இருப்பவர்களைத் திரும்பக் கூப்பிட்டு நிரப்புவார்கள். பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துப் புதுப் பாலில் உறை ஊற்றுகிற வேலைதான்.

இதை எழுத இரண்டு பக்கம் தாராளம். ‘கம்பெனி இரண்டாகப் பிரிக்கப்படுகிறது’ என்று எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. யார் பிரிக்கிறார்கள்? எங்கே நின்றுகொண்டு பிரிக்கிறார்கள்? பிரிக்கும்போது முகத்தைப் பார்ப்பார்களா, காலைப் பார்ப்பார்களா? நான் புரட்டிய எந்தப் புத்தகமும் அதைச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் மனைவிக்கு பஸ் டிப்போவில் வேலை. எந்த டிரைவர் எந்தக் கண்டக்டரோடு எந்த வண்டியில் போவது என்று முடிவு செய்கிறவள். மழைக்காலத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் புது டிப்போ திறந்தார்கள். பழைய டிப்போவில் பாதிப் பேரை அங்கே மாற்றினார்கள். அவளும் அந்தப் பாதியில் போய்விட்டாள். மதிய இடைவேளையில் கூப்பிடுவாள். அன்று எழுதியதை வாசித்துக் காட்டுவேன். இதற்கும் கதைக்கும் சம்பந்தம் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்:

போர் அறிவிப்பு வந்த அந்தக் காலையில் கீழ்வானம் ரத்தச் சிவப்பாக—

(வேண்டாம். கீழ்வானம் எல்லா நாளும்தான் சிவக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்:

சார்ஜென்ட்டின் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கண்களில்—

“நிறுத்துங்க,” என்றாள் என் மனைவி போனில். அவளுக்குப் பின்னால் ஒரு பஸ் ரிவர்ஸில் வருவதும், யாரோ ‘வா வா வா’ என்று அதன் முதுகில் தட்டுவதும் கேட்டன. “உங்க கதையில வர்ற பொம்பளைங்க எல்லாம் ஏன் கதவையே பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க? அவங்களுக்கு வேற வேலைவெட்டி கிடையாதா?”

“புருஷன் சண்டைக்குப் போறான். வேற என்ன செய்வா?”

“நான் கிளம்பின அன்னிக்கு நீங்க கதவைப் பிடிச்சுக்கிட்டா நின்னீங்க? பெட்டி ஜிப்பு சரியில்லைன்னு அதோட மல்லுக்கு நின்னீங்க.”

உண்மைதான். அந்த ஜிப்பை நான் சரிசெய்யவும் இல்லை. பாதி வழியிலேயே அது வாயைப் பிளந்துவிட்டதாம். ஆகவே சார்ஜென்ட்டின் மனைவிக்கு ஒரு வேலை கொடுத்தேன். அவள் படைமுகாமில் தையல்காரி. கொடுத்த பிறகுதான் தெரிந்தது, ஒரு டிவிஷன் இரண்டாகும்போது முகாமிலேயே தலைக்குமேல் வேலை இருப்பது அவளுக்குத்தான் என்று.

3

தையல் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதன் கீழே மெஷின். மெஷினுக்கு வலது பக்கம் ஒரு கூடையில் பழைய டிவிஷனின் துணிச் சின்னங்கள், சட்டையின் தோளில் தைப்பவை: நீலச் சதுரம். இடது பக்கம் புது டிவிஷனின் சின்னங்கள்: அதே நீலச் சதுரம், குறுக்கே ஒரு மஞ்சள் கோடு. புதிதாக ஒன்றை யோசிக்க மேலிடத்துக்கு நேரமில்லை. நாளை ஆட்களைப் பிரித்ததும், போகிற பாதியின் சட்டைகளில் பழையதைப் பிரித்தெடுத்துப் புதியதைத் தைக்க வேண்டும்.

சார்ஜென்ட் உள்ளே வந்தபோது அவள் தலையைத் தூக்கவில்லை. கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

“நாளைக்குப் பிரிக்கறது நீங்கதானாமே?”

“யார் சொன்னா?”

“பட்டன் தைக்க வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க. ஊருக்கெல்லாம் தெரிஞ்சு கடைசியிலதான் எனக்குத் தெரியுது. சின்னவன் உங்க பக்கம்தானே?”

சின்னவன் அவளுடைய தம்பி. அதே கம்பெனியில் சிப்பாய். பெற்றவர்கள் போனபின், அவன் பால்பல் விழுந்த காலத்திலிருந்து அவள்தான் வளர்த்தாள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். சின்னவனுக்கு ஆயுதமும் புல்தான். சுடச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வான். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வந்துவிடும். சேர்ந்த புதிதில் அணிவகுப்பில் வைத்து சார்ஜென்ட்டுக்கு ‘சரிங்க மாமா’ என்று பதில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து முதுகுக்குப் பின்னால் கம்பெனி முழுவதற்கும் அவர் மாமாதான்.

“அது என் கையில இல்ல,” என்றார்.

“பிரிக்கறவர் கையில இல்லாம வேற யார் கையில இருக்கு?”

“பிரிச்சவன் எடுக்கக் கூடாது. அதான் வழக்கம். நான் பிரிப்பேன், ஒட்டகம் எடுப்பான்.”

மெஷின் நின்றது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அவன் பக்கத்துல நீங்க இருந்தா எனக்குத் தூக்கம் வரும். இல்லேன்னா வராது. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்.”

4

வழக்கம் என்று அவர் சொன்னதை விளக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடப்பது புரியாது.

கேப்டன் பட்டுத் தெரிந்தவர். கம்பெனியில் பாதியைக் கொடு என்றால் எந்த மனிதனும் நல்ல பாதியைக் கொடுக்க மாட்டான். குடிகாரன், சண்டைக்காரன், பாதம் வெடித்தவன், இருமிக்கொண்டே இருப்பவன் என்று பொறுக்கியெடுத்து, ‘எல்லாம் முத்தான ஆளுங்க சார்’ என்று வழியனுப்பிவைப்பான். அதனால் அவர் கம்பெனியில் இரண்டு மூத்த சார்ஜென்ட்டுகளிடம் வேலையை ஒப்படைப்பார். ஒருவர் ஆட்களை மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டின் இரு பக்கமும் நிறுத்த வேண்டும். மற்றவர் வந்து பார்த்து, தனக்கு வேண்டிய பக்கத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். அந்தப் பக்கம் அவரோடு புது டிவிஷனுக்குப் போகும். மிச்சம் பிரித்தவரோடு பழைய டிவிஷனில் இருக்கும். பிரிக்கத் தொடங்கியதிலிருந்து எடுத்து முடிக்கும்வரை இருவரும் வாய் திறக்கக் கூடாது.*

* இப்படி ஒரு வழக்கம் எந்தப் படையிலாவது உண்டா என்று எனக்குத் தெரியாது. நானே போட்டது. ஒரு துண்டு கேக்கை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கிற எல்லா வீட்டிலும் இருப்பதுதான். கலைக்களஞ்சியத்தில் இதைத் தேடாதீர்கள்.

பிரிப்பவர் நம் சார்ஜென்ட். எடுப்பவன் ஒட்டகம். அவனும் சார்ஜென்ட்தான், வயதும் ஆகிவிட்டது; ஆனால் ஒட்டகத்தை ‘அவர்’ என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. நாள் முழுக்க வெயிலில் நடந்தாலும் தண்ணீர் கேட்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சார்ஜென்ட் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் ஒரு குடத்தைச் சாய்த்துவிடுவான். கல்யாணம் ஆகாதவன். “எனக்குப் பொண்ணு கொடுக்கறவன் முதல்ல கிணறு வெட்டணும்” என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

(ஒட்டகத்தின்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. இவ்வளவு நல்லவன் கதைக்கு ஆகாது. ஏதாவது ஒரு கெட்ட குணம் இருக்கட்டும் என்று அவனைச் சீட்டாட்டத்தில் ஏமாற்ற வைத்தேன். எதிராளி முகம் வாடியதைப் பார்த்து, ஏமாற்றித் தோற்றான். இவனை என்ன செய்வது? விட்டுவிட்டேன்.)

இருவரும் ஒரே நாளில் படையில் சேர்ந்தவர்கள். ஒருவர் பேச ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவர் முடிக்கிற அளவுக்குப் பழக்கம். ஆட்களை எப்படிப் பிரித்தாலும் சரி, ஒட்டகம் ஒரு டிவிஷனிலும் தான் ஒரு டிவிஷனிலும் என்பது முடிவாகிவிட்டது. அதில் யாருக்கும் பேச்சில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அவன் இன்னும் போகவில்லை, பக்கத்து அறையில்தான் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறான், அதற்குள் சார்ஜென்ட்டுக்கு அவன் நினைவு வந்துவிட்டது. ஆள் எதிரில் இருக்கும்போதே ஏங்குவது ஒரு தனி வேதனை. எனக்கும் அது தெரியும். கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவன்தான் கைவிட்டுப் போகிறான். சின்னவனையாவது கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று சார்ஜென்ட் நினைத்தார். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார்.

5

வழி இதுதான். சின்னவனைக் கோட்டுக்கு வலது பக்கம் நிறுத்த வேண்டும். வலது பக்கத்தைக் கொஞ்சம் சொத்தையாக வைக்க வேண்டும். ஒட்டகம் வந்து பார்ப்பான். புத்தியுள்ள எந்த சார்ஜென்ட்டும் செய்வதுபோல நல்ல பக்கத்தை எடுத்துக்கொள்வான். சொத்தைப் பக்கம் சின்னவனோடு சேர்ந்து தன்னிடமே மிஞ்சும். மோசமான ஆட்களோடு போருக்குப் போவது தன் தலையெழுத்து, போகட்டும். ஒட்டகத்துக்கும் நல்ல ஆட்கள் கிடைப்பார்கள். யோசித்துப் பார்த்தால் இது திருட்டுத்தனமே இல்லை, பெருந்தன்மை என்றுகூட அவருக்குத் தோன்றியது. (மனிதனுக்கு வேண்டியது கிடைக்கும்போது மனசாட்சி எவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போகிறது, பாருங்கள்.)

காலையில் கம்பெனி மைதானத்தில் நின்றது. கேப்டன் ஓரமாக ஒரு ஸ்டூலில். ஒட்டகம் முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில். சார்ஜென்ட் ஒவ்வொருவராகப் பார்த்துக் கையை நீட்டினார்: இடம், வலம். பக்கத்துக்கு இரண்டு இயந்திரத் துப்பாக்கி, பக்கத்துக்கு ஒரு சமையல்காரன், தலைக்குத் தலை சரி. கேப்டன் கண்ணுக்குத் தராசு நேராகத்தான் நின்றது. ஆனால் வலது பக்கம் போனவர்களில் ஒருவனுக்கு மாலையானால் கண் மங்கும். ஒருவனுக்கு மூட்டு. இருமல்காரர்கள் இருவரும் அந்தப் பக்கம்தான். இதெல்லாம் ஆட்களோடு வருஷக்கணக்கில் நடந்தவனுக்கு மட்டுமே தெரியும்.

சின்னவன் முறை வந்தது. வலம் என்று கை காட்டினார்.

“சரிங்க மாமா,” என்றான் சின்னவன்.

கம்பெனி முழுவதும் குலுங்கிச் சிரித்தது. கேப்டனும் மீசைக்குள் சிரித்தார். தூரத்தில் ஒட்டகத்தின் முதுகும் ஆடியது. சார்ஜென்ட் மட்டும் சிரிக்கவில்லை. இந்தச் சிரிப்புச் சத்தத்தை இனி பாதியாகத்தான் கேட்க முடியும் என்று நினைத்தார்.

பிறகு ஒட்டகம் வந்தான். கோட்டின்மேலேயே மெதுவாக நடந்தான். இரண்டு பக்கமும் பார்த்தான்; முகங்களைக் கொஞ்ச நேரம், பூட்ஸுகளை அதிக நேரம். கோட்டின் கோடியில் நின்று திரும்பி நண்பனை ஒரு பார்வை பார்த்தான். சார்ஜென்ட் நேராக எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். பேசக் கூடாதே.

ஒட்டகம் நடந்து போய் வலது பக்கத்தின் முன்னால் நின்றான்.

தான் ஒன்று நினைக்க ஒட்டகம் ஒன்று நினைத்தது. மனிதன் நல்லதைத்தான் எடுப்பான் என்ற நம்பிக்கையில் ஏற்பட்ட வழக்கம் அது. சார்ஜென்ட்டும் அதை நம்பித்தான் கணக்குப் போட்டார். எடுக்கப்போகிறவன் யார் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

6

(இந்த இடத்தில் ஒரு நீண்ட பத்தி இருந்தது. காய்ந்த மைதானம், சுண்ணாம்புக் கோடு, அதைக் கடக்க முடியாத ஒரு நிழல், இன்னும் என்னென்னவோ. எடுத்துவிட்டேன். அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார். அவ்வளவுதான்.)

7

மதியத்துக்குள் தையல் அறையில் சட்டைகள் குவிந்தன. ஒவ்வொன்றின் காலரிலும் ஆளின் எண்ணைச் சாக்பீஸால் எழுதி, வந்த வரிசையில் அடுக்கினாள். ஒன்றை எடுப்பது, நீலச் சதுரத்தின் தையலைப் பிளேடால் பிரிப்பது, மஞ்சள் கோடு போட்டதை வைத்துத் தைப்பது, அடுத்தது. கை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சின்னவன் வந்து தன் சட்டையை மேஜையில் போட்டான்.

“என்னடா இது? வரிசை மாறி வந்துட்டியா?”

“இல்லக்கா. ஒட்டகம் சார் எங்களை எடுத்துக்கிட்டார்.”

அவள் பிளேடைக் கீழே வைத்தாள். வைத்த இடம் பிறகு ஞாபகம் வராமல் கொஞ்ச நேரம் தேடினாள்.

“சாயங்காலம் லாரி,” என்றான். “அக்கா, உனக்கு ஒண்ணு தெரியுமா? அங்க பாதிப் பேர் புதுசா வர்றவங்க. சலூன்காரன், பேக்கரிக்காரன், எல்லாம் துப்பாக்கியைத் தொட்டே பல வருஷம் ஆச்சாம். அவங்களுக்கு நான்தான் பழைய ஆளு. ஒட்டகம் சார் சொல்லிட்டார், நாலு பேரை என்கிட்ட விடறேன்னு. நான் சொல்லிக்கொடுக்கணுமாம்!”

“நீயா?”

“ஏன், எனக்குத் தெரியாதா? கண்ணை மூடாம சுடணும்னு சொல்லுவேன்.”

அவனே சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. இருபது வயது தாண்டியும் எவரும் இவனிடம் ஒரு பொறுப்பை நம்பிக் கொடுத்ததில்லை, தான் உட்பட, என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் நெஞ்சை நிமிர்த்தி நிற்பதை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். பார்க்க நன்றாக இருந்தது.

“தைச்சு வைக்கறேன், அப்புறம் வா,” என்று சட்டையை வாங்கிக் குவியலுக்கு அடியில் தள்ளினாள்.

8

சார்ஜென்ட் தண்ணீர்க் குழாயருகே முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்றதும் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். வலது பக்கம் ஏன், சொத்தை ஏன், யாரை ஏமாற்ற நினைத்தது, யாரிடம் மாட்டிக்கொண்டது.

“அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க,” என்றாள். “மாத்திக் கொடுக்கச் சொல்லுங்க. உங்களுக்கு அவர் இல்லைன்னா சொல்லப்போறார்?”

“இல்லைன்னு சொல்ல மாட்டான். கேட்ட அடுத்த நிமிஷம் கொடுத்துடுவான்.”

“பின்ன என்ன?”

“தலைக்குத் தலை சரியா இருக்கணும். சின்னவனை இங்க இழுத்தா, இங்கேருந்து ஒருத்தனை அங்க தள்ளணும். மேலும் கீழும் தெரியாத புது ஆளுங்க, இருமறவன், கண்ணு தெரியாதவன், அவங்க நடுவுல.”

“யாரையாவது தள்ளுங்க,” என்றாள்.

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அவள் கையில் பிடித்த சட்டைகள் அத்தனைக்கும் காலர் இருந்தது, காலருக்குள் வியர்வைக் கறை இருந்தது. சிலவற்றில் யாரோ வீட்டில் உட்கார்ந்து போட்ட கைத்தையல் ஒட்டு. ஆனாலும் சொன்னதை அவள் திரும்பப் பெறவில்லை.

“போய்ச் சொல்லுங்க,” என்று மறுபடியும் சொன்னாள், இந்த முறை மெதுவாக.

9

ஒட்டகம் கட்டிலின்மேல் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். நண்பனைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

“வாடா! உனக்குப் பிரிக்கவே தெரியலடா. காலையில கோட்டுல நடக்கும்போதே பார்த்துட்டேன். ஒரு பக்கம் பூரா இருமல், மூட்டுவலி, மாலைக்கண்ணு. பதட்டத்துல பிரிச்சிருக்கே. நான் நல்ல பக்கத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டா உன் கதி என்ன ஆகறது?”

“அது...”

“நீ பேசாதே. எனக்கென்ன, ஒண்டிக்கட்டை. உனக்கு வீட்டுல ஒருத்தி இருக்கா. உன்னைச் சுத்தி நல்ல ஆளுங்க இருந்தாத்தான் நீ திரும்பி வருவே. நீ திரும்பி வந்தாத்தான் ஞாயித்துக்கிழமை எனக்குச் சாப்பாடு. எல்லாம் என் வயித்துக்காகத்தான், நன்றி கின்றின்னு சொல்லித் தொலைக்காதே.” மூட்டையின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். “சின்னவனை நினைச்சுக் கவலைப்படாதே. என் பக்கத்துலயே படுக்க வெச்சுக்கறேன். பாவம், அவன் மூஞ்சியைப் பார்த்தியா, மாப்பிள்ளை மாதிரி சுத்திக்கிட்டு இருக்கான்.”

சார்ஜென்ட் கட்டிலில் உட்கார்ந்தார். ஒட்டகமும் பக்கத்தில் உட்கார்ந்தான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கட்டில்களில் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். இவன் தோள் இந்தத் தோளில் இடிக்கும் சூடு இனி எப்போது என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, போகாதேடா என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல வந்ததோ வேறு.

“என்னமோ சொல்ல வந்தியே?” என்றான் ஒட்டகம்.

10

இந்த வரியோடு கதை நின்று பல நாளாகிறது. பதிப்பாசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். எரிமலைக்காரர் எழுதிக் கொடுத்துப் பணமும் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

முடிவு அ. சார்ஜென்ட் சொல்லிவிடுகிறார். ஒட்டகம் சிரித்துவிட்டு மாற்றிக் கொடுக்கிறான். இதை எழுத, நல்ல பக்கத்திலிருந்து ஓர் ஆள் வேண்டும், சின்னவனுக்குப் பதிலாக. முகம் தெரியாத எவனோ ஒருவனாக இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன். துப்பாக்கியைத் துடைக்கும்போது விசில் அடிப்பவன் என்று எழுதினேன். (ஏன் விசில்? தெரியாது. வந்துவிட்டது.) விசில் அடிப்பவனுக்கு முன்பற்களில் ஓர் இடைவெளி. வீட்டுக்குப் போனால் அவனுடைய மகள் அந்த இடைவெளியில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து—

நிறுத்திவிட்டேன். மகள் வந்த பிறகு இவனை எப்படித் தள்ளுவது?

முடிவு ஆ. சார்ஜென்ட் சொல்லவில்லை. லாரி போகிறது. அவள் தூங்காமல் கிடக்கிறாள். இதை எழுதுவது எனக்குச் சுலபம்; படுக்கையில் ஒரு பக்கம் மட்டும் கசங்குவதைப் பற்றி நான் ஒரு கலைக்களஞ்சியமே எழுதுவேன். ஆனால் சுலபமாக இருக்கிறது என்பதற்காக ஒருத்தியின் தம்பியை லாரியில் ஏற்றிவிடுவதா?

இரண்டையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

“எனக்கு எல்லாரும் திரும்பி வரணும்,” என்றாள்.

“எல்லாரும் வந்துட்டா அது கதையாகாதே.”

“கதை வேணும்னா நான் கேட்டேன்? அவங்க வரணும்னுதானே சொன்னேன்.”

டிபன் டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. இடைவேளை முடியப்போகிறது. வழக்கமாக அதோடு வைத்துவிடுவோம். அன்று என்னவோ வாய் சும்மா இருக்கவில்லை.

“நீ எப்ப வருவே?”

“என் இடத்துக்கு ஒரு ஆளைப் போட்டா வந்துடுவேன்.”

“போடச் சொல்லேன்.”

“யாரைப் போடுவாங்க? பழைய டிப்போவுல எனக்கு அடுத்து இருக்கறவதான் வரணும். கைக்குழந்தைக்காரி. மேனேஜர் நேத்துகூடக் கேட்டார், நீங்க சொன்னா அவளை இங்க மாத்திடறேன்னு. சொல்லட்டுமா?”

சொல் என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் நல்லவன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கைக்குழந்தைக்காரியை நான் பார்த்ததில்லை. அதனால் சொல்லிவிடுவது சுலபமாகத்தான் இருந்தது. எனக்கு என் மனைவி வேண்டும். சமையலறையில் பாத்திரத்தைத் தொம்மென்று போடுகிறவள் வேண்டும், என் வாக்கியங்களை நடுவில் வெட்டுகிறவள் வேண்டும். அவள் காத்திருந்தாள். பின்னால் பஸ்ஸை எடுக்கச் சொல்லி யாரோ விசில் ஊதினார்கள்.

“சரி, மணியாச்சு. நாளைக்குப் பேசலாம்,” என்று வைத்துவிட்டாள்.

11

ஆகவே இதை உங்களிடம் விடுகிறேன். கைகழுவுகிறாயா என்று நீங்கள் கேட்டால், ஆமாம் என்பேன்.

ஒட்டகம் பதிலுக்குக் காத்திருக்கிறான். சார்ஜென்ட் வாயைத் திறந்துவிட்டார். சின்னவன் வெளியே நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதைத் தனக்குத்தானே ஒத்திகை பார்த்துக்கொண்டு உலாத்துகிறான். தையல் அறையில் அவனுடைய சட்டை ஒன்றுதான் பாக்கி. அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு, எந்தச் சின்னத்தையும் எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

நீங்கள் சொல்லச் சொன்னால் சார்ஜென்ட் சொல்வார். ஒட்டகம் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுப்பான். அவள் தூங்குவாள். அவள் தூங்க வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் யாரைத் தள்ளுவது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ‘யாரையாவது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அவனுக்கு ஒரு வீடு கொடுங்கள். வீட்டில் அவன் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பான், அவனை யார் எப்படித் திட்டுவார்கள், அவன் வராவிட்டால் எவருடைய ஞாயிற்றுக்கிழமை பாழாகும், எல்லாவற்றையும் முதலில் எழுதிவிடுங்கள். எழுதி முடித்ததும் அவனைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் போய் நில் என்று கை காட்டுங்கள்.

என்னால் அந்தக் கையைத் தூக்க முடியவில்லை. உங்களால் முடிந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். என் மனைவி நாளை மதியம் கூப்பிடுவாள், அவளுக்கும் நான் ஒரு பதில் சொல்ல வேண்டும்.